இரும்பை நக்கிய றக்கூன்

அத்தியாயம் ஐந்து

"அம்மா, சாமிக்கு இவ்வளவு எண்ணெய் பூசினா, சாமி வழுக்கி விழாதோ?"

கனடாவின் ஸ்காபரோவில், முன்பு பண்டகசாலையாக இருந்து பின்பு கோயிலான ஒரு கட்டடத்தில், பிள்ளையாருக்கு எண்ணெய்க்காப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆறு வயது நிரோஷினி கேட்ட கேள்வி இது. மேளமும் மணியும் ஒன்றாக ஓய்ந்த கணத்தில் கேட்டுத் தொலைத்ததால் சபை முழுக்கக் கேட்டுவிட்டது. அம்மா பதிலுக்குத் தொடையில் கிள்ளினாள். பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும் குனிந்து, "வழுக்கும் ராசாத்தி. அதுதான் எல்லாருமாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்" என்றாள். பிறகு பிள்ளையின் கால்களைப் பார்த்தாள். பனியில் நனைந்த மெல்லிய காலுறைகள் சீமெந்துத் தரையில் ஈரத் தடம் பதித்துக்கொண்டிருந்தன. அவள் தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி, அந்தச் சின்னக் கால்களில் மாட்டி, முழங்கால் வரை இழுத்துவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவள் முகம் நிரோஷினிக்கு நினைவில்லை. சிவப்புக் கம்பளியில் மஞ்சள் மாங்காய்கள் பின்னிய அந்தக் காலுறைகள்தான் நினைவிருந்தன. அவற்றில் ஒன்று வீடு மாறியபோது தொலைந்தது. மற்றது இன்னும் அவளுடைய அலுமாரியில் இருந்தது.

இருபத்தெட்டு வருடங்கள் கழித்து, செப்டெம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மல்வேர்னில் உள்ள ஒரு கராஜில் நின்றுகொண்டு நிரோஷினி எண்ணெயைப் பற்றி அல்ல, விநாயகமூர்த்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து இன்பம் காண ஏற்ற ஆள் அல்ல அவர்.

வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் அவருக்கு. 'உங்கள் கனவு இல்லம் என் கையில்' என்ற வாசகத்தோடு பஸ் தரிப்பிட வாங்கில்களின் சாய்மானப் பலகைகளில் எல்லாம் விளம்பரமாக அவர் முகம் சிரித்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க ஊரார் அதன்மேல் சாய்ந்து எழும்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பதினெட்டு அடியில் ஒரு ட்றெயிலர் வாங்கினார் என்பதற்காக, விடுமுறைக்குக் கட்டிலும் குசினியுமாக இழுத்துப் போகும் முப்பது அடி ட்றெயிலர் ஒன்றை இவர் வாங்கினார். அதன் முதல் பயணத்திலேயே, 401 நெடுஞ்சாலையில் அது பாம்பு மாதிரி நெளிந்து, அதை இழுத்துப்போன பிக்கப் வண்டியை உலுப்பி, பள்ளத்தில் சாய்ந்தது. முன் இருக்கையில் இருந்த அவர் மனைவிக்குக் கை முறிந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

பிக்கப்போடு ட்றெயிலரை இணைக்கும் ஹிற்ச்சைப் பூட்டிக் கொடுத்தவன் பஸ்ரியன் என்ற கிறிஸ்தவன். அன்று பின்னேரமே அவர் எட்டு வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவு போட்டார்: "வேதக்காரனிட்டை ஹிற்ச் பூட்டக் குடுத்தது என்ர பிழை. பஸ்ரியன்ர கராஜ்ஜுக்கு ஒருத்தரும் போகாதையுங்கோ."

விபத்தை விசாரிக்கும் வேலையைக் காப்புறுதிக் கம்பனி துப்பறிவாளர் அமிர்தநாதரிடம் கொடுத்திருந்தது. நிரோஷினி அவருடைய உதவியாளர். இன்று ஐந்து மணிக்கு அறிக்கை போகவேண்டும். பிழை பூட்டியவனுடையது என்று அதில் வந்தால் பஸ்ரியனின் தொழில் காப்புறுதி ரத்தாகும். காப்புறுதி இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாது.

"பத்தொன்பது வருசம் அண்ணை," என்றான் பஸ்ரியன். "ஒரு நட்டுக்கூட என்ர கையால லூசாப் போனதில்லை."

"அழாதை. முதல் எனக்குப் படிப்பி," என்றார் அமிர்தநாதர். அறுபத்தாறு வயது. சட்டைப் பையில் செபமாலை, வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ற். "பாரம் பிரிக்கிற ஹிற்ச் எண்டால் என்ன? சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லு."

"எனக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ," என்றாள் நிரோஷினி. "அங்கிளுக்கு இனி விளங்காது."

பஸ்ரியன் மூலையில் நின்ற ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியை இழுத்து வந்தான். அதற்குள் இரண்டு பழைய பற்றரிகள் கிடந்தன. "கைபிடியைத் தூக்கினால் பாரம் எங்கை போகுது?"

"முன் சில்லுக்கு."

"அவ்வளவுதான். ட்றெயிலரின்ர மூக்கு பிக்கப்பின்ர பின்பக்கத்தை அமத்தும். முன்பக்கம் எழும்பும். எழும்பினால் ஸ்டியறிங் பிடிக்காது. அதுக்குத்தான் ரெண்டு வில்லுக் கம்பி. சங்கிலியில கொழுவி இழுத்தால், உந்தக் கைபிடியைத் தூக்கின மாதிரி, பாரம் முன் சில்லுக்குத் திரும்பிப் போகும். எந்த வளையத்தில கொழுவ வேணும் எண்டு அளந்து பாத்து, அந்த வளையத்துக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு விட்டனான்."

"ஆட்டத்துக்கு?"

"அதுக்குத் தனிக் கம்பி. ரெண்டு பிரேக் தகட்டுக்கு நடுவில உரசிக்கொண்டு போய்வரும். அந்த உரசல்தான் ட்றெயிலரை வாலாட்ட விடாமல் பிடிக்கிறது." அவன் ஒரு கடதாசியை நீட்டினான். பூட்டிக் கொடுத்த வேலைகளுக்குக் கீழே அவன் கையெழுத்தில் ஒரு வரி: 'ஆட்டக் கம்பியில கிறீஸ், எண்ணெய் ஒண்டும் படக்கூடாது.' அதற்குக் கீழே விநாயகமூர்த்தியின் ஒப்பம், கடதாசியின் பாதியை அடைத்துக்கொண்டு.

"ஒப்பத்தைப் பாத்தால் நாட்டையே எழுதிக் குடுத்த மாதிரிக் கிடக்கு," என்றாள் நிரோஷினி.

*

சேதமான வாகனங்களை அடைத்து வைக்கும் வளவு நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. அமிர்தநாதர் காரை ஓட்டும் வேகத்தில் அங்கே போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிடித்தது. இரண்டு பஸ்கள் அவர்களை முந்தின. அவற்றில் ஒன்று தரிப்பிடம் ஒவ்வொன்றிலும் நின்று நின்று வந்த பஸ்.

காவலாளி மரியோ படலையைத் திறந்துவிட்டான். ட்றெயிலரை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தாலும் முன்புற இரும்பு முக்கோணம் அப்படியே இருந்தது. அமிர்தநாதர் முழந்தாளிட்டு இருந்து சங்கிலிகளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மஞ்சள் வளையத்தில்தான் கொழுவியிருந்தன.

"பஸ்ரியன் பொய் சொல்லேல்லை. பாரம் சரியாத்தான் பிரிஞ்சிருக்கு."

"அப்ப என்னெண்டு நெளிஞ்சது?"

"கண்டால் சொல்லுறன்." அவர் எழும்பப் பார்த்து, முடியாமல், மறுபடி இருந்தார்.

அப்போதுதான் மரியோ ஆங்கிலத்தில் கேட்டான், "உங்களுடைய ஆட்கள் வண்டியையும் சமைத்துத்தான் ஓட்டுவார்களா?"

"ஏன்?"

"ஒரு றக்கூன். குப்பைத்தொட்டிகளைக் கிளறித் தின்று கொழுத்த மிருகம். இந்த வளவில் நாற்பது வண்டி நிற்கிறது. உடைந்த ஐஸ்கிறீம் வான்கூட நிற்கிறது. அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பட்டப்பகலில் வந்து இந்த இரும்பைத்தான் கட்டிப்பிடித்து நக்குகிறது. வெயில் எறிக்கிற நாளென்றால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்."

நிரோஷினி சிரித்தாள். அமிர்தநாதர் சிரிக்கவில்லை. பெப்பர்மின்ற்றைக் கடதாசியில் துப்பி மடித்துப் பையில் வைத்தார். அது அவர் மூளை வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளம்.

"எந்த இடத்தை நக்குது?"

மரியோ சுட்டிக் காட்டினான். ஆட்டக் கம்பியின் பிடி. இரண்டு தகடுகளும் கம்பியை இறுக்கும் இடத்தில் நகக் கீறல்கள் கோடு கோடாக இருந்தன. வேறெங்கும் இல்லை.

"மழை மேலால எல்லாத்தையும் கழுவிப்போட்டுது," என்றார் அமிர்தநாதர் மெதுவாக. "தகட்டுக்குள்ள ஊறினதைக் கழுவேல்லை. வெயில் பட்டால் கசியுது. பிள்ளை, நீ குனி. என்ர மூக்கு பெப்பர்மின்ற்றால செத்துப்போச்சு."

நிரோஷினி குனிந்து மணந்து பார்த்தாள். இரும்பு மணத்தது, றப்பர் மணத்தது, அவற்றின் அடியில் சனிக்கிழமை முழுக்கு மணத்தது.

"நல்லெண்ணெய்," என்றாள். அவளுடைய தொடையில், இருபத்தெட்டு வருடம் பழைய கிள்ளு ஒன்று சுரீரென்றது. "அங்கிள், வாகனப் பூசை! எண்ணெய்க்காப்புச் சாத்தியிருக்கினம். உரசிப் பிடிக்கிற கம்பியை வழுக்க வைச்சிருக்கினம்!"

"பூசை செய்தது பிழையில்லை. படக்கூடாது எண்டு ஒப்பமிட்ட மனிசன் அதைப் பட விட்டதுதான் பிழை." அவர் தகட்டைக் கழற்றிப் பைக்குள் போட மரியோவோடு சேர்ந்தார். "நீ முன்பெட்டியைப் பார்."

ட்றெயிலரின் முன்பெட்டியில் பூசைச் சாமான்கள் கலைந்து கிடந்தன. கற்பூரத் தட்டு, நசுங்கிய எலுமிச்சம்பழம், பாதிக்குமேல் காலியான எண்ணெய்ப் போத்தல். போத்தலின் கழுத்தில், எண்ணெய் தொட்டுப் பூசிய துணி சுற்றியிருந்தது. நிரோஷினி அதை இழுத்து விரித்தாள்.

அது துணியல்ல, ஒற்றைக் காலுறை. எண்ணெயில் கறுத்திருந்தாலும் சிவப்புத் தெரிந்தது. கணுக்கால் அருகே மஞ்சள் மாங்காய்கள் வரிசையாக ஓடின.

விநாயகமூர்த்தியின் கால் இதற்குள் நுழையாது. வேறொரு கால் நுழையும். அந்தக் கால்காரியின் வலது கை இப்போது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. விசயம் தெரிந்தால் விநாயகமூர்த்தி அதை எத்தனை குழுக்களில், எத்தனை வருடம் சொல்லிக்காட்டுவார்? நிரோஷினி இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அவளுடைய கை காலுறையைக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டது.

காரில் போகும்போது அமிர்தநாதர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"கம்பனி எங்களிட்டைக் கேட்டது ரெண்டு கேள்வி," என்றார் வீதியைப் பார்த்தபடி. "என்ன பிழை? கராஜ்ஜை விட்டு வெளிக்கிட முந்தியோ, பிந்தியோ? ஆரின்ர கை எண்டு கேக்கேல்லை."

"உங்கட மூக்குச் செத்துப்போச்சு எண்டியள்?"

"ஓம். செத்துத்தான் கிடக்கு."

*

விநாயகமூர்த்தியின் வீட்டுக்கு எதிரே பஸ் தரிப்பிடம். வாங்கிலில் அவர் முகம். வாசலைத் திறந்தவரும் அதே சிரிப்போடுதான் நின்றார். வாங்கில் முகம் கொஞ்சம் இளமையாக இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. அறிக்கை முடிஞ்சுதோ? வேதக்காரனுக்கு..." அமிர்தநாதரின் சட்டைப் பையில் செபமாலைச் சிலுவை எட்டிப் பார்த்ததைக் கண்டு நிறுத்தினார். "உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் படிச்சனீங்கள்."

"நன்றி," என்றார் அமிர்தநாதர். சோபாவில் பாதி அளவுக்கு மட்டும் அமர்ந்தார். "ஒரு சின்னச் சந்தேகம். அவ்வளவு பெரிய வண்டி உருண்டும் உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு ஆச்சரியமாக் கிடக்கு. பூசை கீசை ஏதும் செய்தனீங்களோ?"

விநாயகமூர்த்தி நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல இருந்தது.

"பூசையோ? கனடாவில ஒருத்தரும் செய்திராத பூசை! ஐயர் வந்தவர்தான். ஆனால் ஐயரைத் தொட விடேல்லை. 'ஐயா, நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ, இது என்ர வண்டி, எண்ணெய்க்காப்பு என்ர கையாலதான்' எண்டு சொல்லிப்போட்டன்."

"எண்ணெயும் நீங்களே?"

"முழுக்க! முன்னுக்குக் கிடக்கிற இரும்பு முழுக்க. சங்கிலி, கம்பி, பிடி, ஒரு இடம் விடேல்லை. ஒரு போத்தல் நல்லெண்ணெய்!"

குசினிக் கதவு திறந்தது. தேநீர்த் தட்டை ஒற்றைக் கையால் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி கமலாம்பிகை வந்தாள். மற்றக் கை மாவுக்கட்டில் தொங்கியது. நிரோஷினி எழுந்து தட்டை வாங்கும்போது குனிந்தாள். கமலாம்பிகையின் கால்களில் பச்சைக் கம்பளிக் காலுறைகள். கணுக்கால் அருகே மஞ்சள் மாங்காய்கள்.

"இல்லையப்பா," என்றாள் கமலாம்பிகை. "அண்டைக்கு நீங்கள் படம் எடுக்க விளக்கைத்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். எண்ணெய் பூசினது..."

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆக்கள் வந்திருக்கேக்கை நடுவில கதைக்கிற பழக்கம் இவவுக்கு. பூசினது நான். எழுதுங்கோ!"

"எழுதத்தானே வந்தனாங்கள்," என்றாள் நிரோஷினி. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பேனாவோடு நீட்டினாள். "பக்தியானவை எல்லாரும் ஒப்பமும் வைக்கிறவை, அங்கிள்."

விநாயகமூர்த்தி ஒப்பமிட்டார். பக்கத்தின் பாதி அடைபட்டது.

அமிர்தநாதர் இரண்டு கடதாசிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் 'கிறீஸ், எண்ணெய் ஒண்டும் படக்கூடாது' என்ற வரி. வலது பக்கம் 'ஒரு இடம் விடாமல் எண்ணெய் பூசினேன்' என்ற வரி. இரண்டின் கீழும் அதே ஒப்பம்.

"உங்கட ட்றெயிலரைப் புரட்டினது அந்த எண்ணெய்தான்," என்றார்.

விநாயகமூர்த்தியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவன்... அவன் எண்ணெய் எண்டது எஞ்சின் ஒயிலை எல்லே! கிறீஸ், ஒயில், உந்த ஊத்தைச் சாமான்! நாங்கள் பூசினது நல்லெண்ணெய்! பேரிலேயே 'நல்ல' எண்டு கிடக்கு!"

"கம்பிக்குத் தமிழ் தெரியாது அங்கிள்," என்றாள் நிரோஷினி. "றக்கூனுக்குக் கொஞ்சம் தெரியும் போல."

"ஐயர்தான் கை தவறி..."

"ஐயரைத் தொட விடேல்லை எண்டு ஒப்பம் வைச்சிருக்கிறியள்," என்றார் அமிர்தநாதர். "ஒரு மனிசன்ர பத்தொன்பது வருசத்து வேலையை எட்டுக் குழுவில போட்டுக் கழுவினனீங்கள். அதே எட்டுக் குழுவில, அதே குரலில, உண்மையைச் சொல்லுங்கோ. ஐஞ்சு மணிக்கு முதல் சொன்னால், அறிக்கையில 'அறியாமல் நடந்தது' எண்டு எழுத எனக்கு மனம் வரும். அறியாமல் நடந்ததும் உண்மைதானே."

விநாயகமூர்த்தி மனைவியைப் பார்த்தார். யார் பூசியிருப்பார்கள் என்று அந்த நேரத்தில் அவருக்கு வெளித்திருக்கவேண்டும். ஆனால் 'நான் பூசவில்லை' என்று சொல்வதற்கு, இரண்டு பேர் முன்னால், தான் ஒரு பொய்யன் என்று முதலில் சொல்லவேண்டும். தன் பெருமையை விட அவருக்கு ட்றெயிலர் மலிவாக இருந்தது. கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தார். புண்ணியம் முழுக்கத் தனக்கே என்று அள்ளிக்கொண்டவர், அதோடு ஒட்டி வந்ததையும் அள்ளிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கமலாம்பிகை மறுபடி வாயைத் திறந்தாள். அமிர்தநாதர் எழுந்து அவளைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார். கோப்பையை அவர் இன்னும் தொடவே இல்லை.

நாலே முக்காலுக்கு எட்டுக் குழுக்களிலும் குரல் பதிவு வந்தது. முந்தியதை விட நல்ல குறுக்கம். ஐந்துக்கு அறிக்கை போனது. ஐந்தரைக்கு பஸ்ரியன் தொலைபேசியில் அழைத்து, கராஜின் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தத்தை மட்டும் அவர்களுக்குக் கேட்க வைத்தான்.

*

காலுறையை நிரோஷினி மூன்று தரம் கோப்பை கழுவும் சவர்க்காரத்தில் துவைத்தாள். இரண்டாம் தரமும் தண்ணீர் மினுங்கியது. மூன்றாம் தரம் சிவப்பு, சிவப்பாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, விநாயகமூர்த்தி வீட்டார் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அவள் தனியாக அங்கே போனாள். வாசலில் வாகனம் இல்லை. அலுமாரியில் இத்தனை வருடம் கிடந்த தன் ஒற்றைக் காலுறையையும் துவைத்துக் காய்ந்த ஒற்றையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் வெளிறியிருந்தது. மாங்காய்கள் நேருக்கு நேர் வந்தன. ஒன்றுக்குள் மற்றதைச் செருகி உருட்டினாள்.

ஒரு துண்டுக் கடதாசியும் கொண்டுவந்திருந்தாள். 'எல்லாருமாப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறம்' என்று எழுத நினைத்துப் பேனாவைத் திறந்தாள். பிறகு மூடினாள். விளங்க வேண்டியவளுக்குக் காலுறைகளே விளங்கப்படுத்தும்.

காலுறைகளை உள்ளே போட்டதும் தபால் பெட்டியின் மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். வீதியில் அந்த வாசலை நோக்கி விழித்திருந்த முகம் ஒன்றே ஒன்றுதான், பஸ் வாங்கிலில். வேலைக்குப் போகும் ஒரு பருத்த மனிதர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தை முதுகால் முழுக்க மறைத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணயர்ந்துகொண்டிருந்தார்.